சின்னண்ணன் முட்டிக்கு ஒரு தாங்கல்

நாமக்கல் பைபாஸ் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் சின்னண்ணன், ஐம்பத்து நான்கு வயதில், பக்கத்திலேயே ஏணி சாத்தியிருக்க, நாலரை அடி உயர லாரித் தளத்திலிருந்து தரைக்குக் குதித்தார். அப்படியென்ன அவசரம் என்று கேட்பீர்கள். கீழே நின்ற வெல்டர் ஒரு இரும்புச் சட்டத்தைக் கோணலாகப் பிடித்துப் பற்றவைக்கப் போனான். அதைக் கண்டதும் இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, ஏணி மறந்துபோனது. இடது கால் ஒரு துண்டுக் குழாயின் மேல் இறங்கி உருண்டது, முட்டி உள்பக்கமாக மடிந்தது, 'மடக்'கென்று ஒரு சத்தம். வெல்டர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "எனக்கு ஒண்ணுமில்ல, நீ மொதல்ல அதை நேராப் புடி" என்று அதட்டிவிட்டு எழுந்து நிற்கப் பார்த்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரை நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

சின்னண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிற முதலாளி இல்லை. பட்டறையில் வண்டி எதுவானாலும் அவர் அதன் அடியில் குந்தி உட்கார்ந்து, தலையை உள்ளே கொடுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே போகும். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது குந்தி எழுவார். பரமத்தி ரோட்டில் லேத் வைத்திருந்த ஒருவருக்குப் பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி முட்டி உடைந்து, சரியாகப் பார்க்காமல் விட்டு, கால் மடங்காமல் போய்விட்டது. இப்போதும் அவர் ஒரு காலை நீட்டியபடி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உள்ளே வேலை செய்கிறவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சின்னண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்றைக்குக் காரில் சேலத்துக்குப் போகிற வழி நெடுக அவர் கண்ணில் அந்த ஸ்டூல்தான் நின்றது. "ஏபுள்ள, இனி நான் குந்த முடியுமா?" என்று மனைவி சென்னியம்மாளிடம் நாலு தடவை கேட்டார். அவளுக்கு என்ன தெரியும்? "முடியுமுங்க, சும்மா வாங்க" என்று நாலு தடவையும் சொன்னாள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் காலுக்குப் பட்டை கட்டி, தலையணை வைத்து உயர்த்திப் படுக்க வைத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். சாயங்காலம் ஐந்தடி உயரத்தில் ஒரு பெண் வந்து காலைத் தொட்டுப் பார்த்து, விரல்களை அசைக்கச் சொன்னாள். முப்பத்தெட்டு வயது இருக்கலாம். ஒல்லியான கை. சின்னண்ணன் எல்லாவற்றையும் அசைத்துக் காட்டிவிட்டு, "பெரிய டாக்டரு எப்ப வருவாருங்க அம்மிணி?" என்று கேட்டார்.

"வந்தாச்சுங்க. நாந்தான்" என்றார் டாக்டர் கயல்விழி.

சென்னியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்னண்ணனுக்கோ வெட்கத்தைவிடக் கவலைதான் அதிகம். இந்தக் கையா நம் காலைப் பிடித்து நிமிர்த்தப் போகிறது? பட்டறையில் ஒரு ஸ்பேனரைத் தூக்கக்கூட இந்தக் கையைக் கூப்பிடமாட்டாரே! ஆட்டையாம்பட்டிப் பெண்ணாம், நம் பக்கத்துப் பேச்சுதான். அது ஒன்றுதான் அவருக்கு ஆறுதலாக இருந்தது.

கயல்விழி ஸ்கேன் படத்தை எடுத்துக் காட்டிப் பேசினார். "முட்டிக்குக் கீழ இருக்கற காலெலும்போட உச்சி, மேசை மாதிரி தட்டையா இருக்கோணுமுங்க. தொடை எலும்பு அது மேலதான் உக்காந்து உருளும். உங்களுக்கு வெளிப்பக்கத்து மேசை ஒம்பது மில்லி கீழ எறங்கிப்போச்சு. ஓரத்துல ஒரு துண்டு பொளந்து வெலகியிருக்குது."

"அப்படியே உட்டா?"

"நடப்பீங்க. ஆனா கால் கோணிக்கும். கொஞ்ச வருசத்துல முட்டி தேஞ்சுபோயிரும். குந்தறத மறந்துர வேண்டியதுதான்."

"சரி பண்ணினா?"

"குந்தலாமுங்க. அதுக்குத்தான் பண்றது. ஆனா இன்னைக்கு இல்ல. வீக்கம் வடிஞ்சு தோல்ல சுருக்கம் வரோணும். ரெண்டு வாரத்துக்கு மேலயும் போகக்கூடாது. போனா ஒடைஞ்சது ஒடைஞ்ச எடத்துலயே ஒட்ட ஆரம்பிச்சுரும்."

அடுத்த எட்டு நாளும் காலை ஏழு மணிக்கு அவரே வந்து, முட்டித் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளிப் பார்த்து, "இன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காத்திருப்பு மட்டும் சின்னண்ணனுக்குப் பிடித்திருந்தது. ப்ரைமர் காயுமுன் பெயிண்ட் அடிக்கிற ஆட்களை அவர் பட்டறையிலிருந்து துரத்தியிருக்கிறார். "பரவால்ல, புள்ளைக்குப் பொறுமை இருக்குது" என்று சென்னியம்மாளிடம் சொன்னார்.

ஒன்பதாம் நாள் காலையில் தோல் சுருங்கியது. கயல்விழி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து செய்யப்போவதைச் சொன்னார். பார்க்க வந்திருந்த சென்னியம்மாளின் அண்ணன் வெங்கடாசலமும் அங்கேதான் இருந்தார். திருச்செங்கோட்டில் இரண்டு லாரி ஓட்டுகிறவர். தெரியாத விஷயம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது.

"கீழ எறங்கின அந்த மேசைத் தட்ட, அடியில இருந்து கொஞ்சங் கொஞ்சமாத் தட்டி மேல தூக்குவோமுங்க" என்றார் கயல்விழி.

சின்னண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "டிங்கரிங்கு! கதவுல ஒடுக்கு விழுந்தா நாங்க அதத்தான் பண்றோம், உள்ள இருந்து தட்டறது. அப்பறம்?"

"அப்பறம் அங்க உண்டாகற குழியச் செயற்கை எலும்ப வெச்சு நெரப்பிட்டு, பக்கத்துல பிளேட்டு வெச்சு ஸ்க்ரூ போட்டு…"

"இருங்க இருங்க. நெரப்பறதா? எதை வெச்சு?"

"செயற்கை எலும்புங்க. வெள்ளையா, சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருக்கும்."

மலர்ந்த முகம் சுருங்கியது. லாரி வேலையில் பட்டி என்று ஒன்று உண்டு. ஒடுக்கு விழுந்த தகரத்தை நிமிர்த்தத் துப்பில்லாதவர்கள், பள்ளத்தின் மேல் அந்த மாவை அப்பி, காயவைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பார்வைக்குக் கண்ணாடி போல இருக்கும். ஆறு மாதத்தில் பெயர்ந்து விழும். சின்னண்ணன் பட்டறைக்குள் பட்டி டப்பா நுழைந்ததில்லை. ஒருமுறை சங்ககிரி வண்டி ஒன்றுக்குப் பெயிண்டர் தெரியாமல் பூசிவிட, இவர் அவன் கண் முன்னாலேயே அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மத்தியானச் சோற்றைத் தொட்டார். அப்பேர்ப்பட்ட மனிதரின் காலிலேயே குழியை நிரப்புவதாவது!

"அது வேண்டாமுங்க" என்றார். "தட்டித் தூக்குங்க. பிளேட்டு போடுங்க. ஆறு போல்ட்டுக்குப் பத்து போல்ட்டாவே போடுங்க. இந்தப் பூச்சு வேல மட்டும் என்ற காலுக்கு ஆகாது."

"அதான மாப்ள!" என்று வெங்கடாசலம் இடையில் புகுந்தார். "செயற்கையாம்! எங்க செஞ்சதோ, எதுல செஞ்சதோ. ஒடம்பு ஏத்துக்க வேண்டாமா?"

கயல்விழி கோபப்படவில்லை. "பூச்சு இல்லீங்க இது. உங்க இடுப்பெலும்புல இருந்தும் எடுத்து வெக்கலாம். ஆனா அங்க ஒரு காயம், மாசக்கணக்குல வலி. உங்க பள்ளத்துக்கு இதுதான் நல்லாத் தாங்கும்னு நான் நெனைக்கறேன். ரெண்டுல எது வேணும்னாலும் சொல்லுங்க, பண்றேன். ஒண்ணுமே வெக்காம பிளேட்ட மட்டும் போடச் சொன்னா மாட்டேனுங்க."

"கால் என்னுதுங்க."

"வேல என்னுதுங்க" என்றார் கயல்விழி. "படம் எல்லாத்தையும் குடுக்கச் சொல்றேன். லெட்டரும் எழுதித் தாரேன். வேற யார்கிட்ட வேணும்னாலும் காட்டுங்க. ஆனா ரொம்ப நாள் இல்ல, அஞ்சு நாளுதான் இருக்குது."

ஃபைலை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சென்னியம்மாள் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்குது? எட்டு நாளா அந்தப் புள்ள கண்ணுல வெளக்கெண்ணெய் உட்டுக்கிட்டுப் பாத்துச்சு. பட்டறையில பேசற பேச்சயெல்லாம் இங்க பேசறீங்களே!" சின்னண்ணன் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். இன்னொரு கால்தான் தலையணை மேல் கிடந்ததே! வெங்கடாசலமோ, இதற்குத்தான் காத்திருந்தவர் போல, தமக்குத் தெரிந்த ஒருவர் எண்ணெய் போட்டு மூங்கில் தப்பை வைத்துக் கட்டினால் நாற்பது நாளில் குதிரை மாதிரி ஓடலாம் என்று ஆரம்பித்தார்.

"மச்சான், ஒம்பது மில்லி உள்ள எறங்கினத மேல இருந்து கட்டி எப்படித் தூக்குவான்? செத்த சும்மா இருங்க" என்றார் சின்னண்ணன். அவர் பிடிவாதக்காரர்தான், முட்டாள் இல்லை. வெங்கடாசலம் முகத்தைத் தூக்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மத்தியானம் வார்டு அடங்கியது. சென்னியம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சின்னண்ணனுக்குள் ஒரு குடைச்சல். 'வேல என்னுதுங்க.' இந்தச் சொல்லை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே இருந்தவருக்குச் சட்டென்று பொறிதட்டியது. கேட்டதில்லை, சொன்னது! போன வருடம் ஈரோட்டுப் பக்கத்து முதலாளி ஒருவர் வந்து, எடை குறையட்டும், தளத்துக்கு அடியில் தாங்குகிற குறுக்குச் சேனல் இரும்புகளைப் பாதியாகக் குறைத்துவிடு என்றார். முடியாது என்றார் இவர். வண்டி என்னுது என்றார் அவர். "வண்டி உங்களுது, வேல என்னுது, வேற பட்டறை பாத்துக்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார் சின்னண்ணன். அந்த ஆள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனதாகக் கேள்வி. இப்போது அந்த ஆளின் இடத்தில் தாம் படுத்திருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கியபோது காதெல்லாம் சூடாகிவிட்டது.

"ஏபுள்ள, அந்தப் படத்த எடு."

ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். தட்டு இறங்கிய இடம் ஈரச் சிமெண்டில் கால் வைத்தது போலக் கிடந்தது. அதற்குக் கீழே இருந்த எலும்பு நொறுங்கி அமுங்கியிருந்தது. விரலை வைத்து அளந்தார். சரி, இதைத் தட்டித் தூக்கியாயிற்று, பழைய மட்டத்துக்கு வந்தாயிற்று. தூக்கின தட்டுக்கு அடியில் என்ன இருக்கும்? நொறுங்கின எலும்பு திரும்பப் பொங்கி வரப்போகிறதா? ஒன்றும் இருக்காது, காற்றுதான் இருக்கும். பக்கவாட்டில் பத்து போல்ட்டு போட்டாலும் நடுவில் வெற்றிடம் இருந்தால் லோடு ஏறின அன்றைக்கு மறுபடி அமுங்கும். பட்டி என்பது மேலே பூசுவது, பார்க்கிறவன் கண்ணை ஏமாற்றுவது. இது அடியில் நிற்கிற தாங்கல், யார் கண்ணுக்கும் படாதது. முப்பது வருடம் தாங்கல் வைத்தே பிழைத்தவனுக்கு இது காலையில் தெரியாமல் போயிற்றே!

"நர்ஸம்மாவக் கூப்புடு" என்றார். "டாக்டரம்மாகிட்ட, அந்தப் பொருள ஒரு தடவ கண்ணுல காட்டச் சொல்லு."

சாயங்காலம் கயல்விழி வந்தார். முகத்தில் வெற்றிக்களை ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரர்கள் காட்டுவதற்காகக் கொடுத்து வைத்திருந்த ஒரு சின்ன வெள்ளைக் கட்டியைச் சின்னண்ணனின் உள்ளங்கையில் வைத்தார். இவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். நகத்தால் கீறினார். கட்டிலின் இரும்பில் தட்டிச் சத்தம் கேட்டார். பிறகு யாரும் தடுப்பதற்குள் நாக்கை நீட்டி அதைத் தொட்டார்.

"ஐயோ, என்னுங்க இது!" என்று சென்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கட்டி நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தார். "ஈரத்த இழுக்குது. உள்ள பொடிப்பொடியா ஓட்டை இருக்குதுங்களா?"

கயல்விழி முதல்முறையாகச் சிரித்தார். "இருக்குதுங்க. அந்த ஓட்டைக்குள்ளதான் உங்க எலும்பு ஊந்து போகும். வருசக்கணக்குல அதையும் தன்னோடதா ஆக்கிக்கும். அதுவரைக்கும் இது தாங்கும், பிளேட்டு பக்கத்துல புடிச்சுக்கும்."

"ஒடம்பு ஏத்துக்கலைன்னா?"

"அபூர்வமா சீழ் புடிக்கும். புடிச்சா எடுக்கோணும். நூத்துக்கு நூறு நிச்சயம்னு நான் சொல்லமாட்டேனுங்க."

நூற்றுக்கு நூறு கேரண்டி என்று அந்த அம்மா சொல்லியிருந்தால் சின்னண்ணன் யோசித்திருப்பார். "எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?" என்று கேட்டார்.

பதினோராம் நாள் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே உடம்பு யாருடையதோ ஆகிவிட்டது. மார்புக்கு மேலே பச்சைத் திரை. தலைமாட்டில் இருந்த மயக்க டாக்டர், தூங்குவதற்கு மருந்து தரட்டுமா என்று கேட்டார். "வேல நடக்கறப்பத் தூங்கிப் பழக்கமில்லீங்க" என்றார் சின்னண்ணன். அவர் படுத்த இடத்திலிருந்து கழுத்தைத் திருப்பினால், எக்ஸ்ரே படம் விழுகிற திரை ஓரமாகத் தெரிந்தது. அது போதாதா அவருக்கு?

முதலில் சதையை ஒதுக்குகிற வேலை, அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எலும்பில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினார்கள். அதன் வழியாக ஒரு கம்பி உள்ளே போவது திரையில் தெரிந்தது. பிறகு சுத்தியல் சத்தம். டொக். டொக். அடேயப்பா, அதுவல்லவா தட்டு! அவர் பட்டறையில் ஒடுக்கு எடுக்கிற கை ஒவ்வொன்றும் அவருக்குச் சத்தத்திலேயே தெரியும். ஓங்கி அடிக்கிற கை தகரத்தை நீட்டிவிடும், பயந்து அடிக்கிற கை தழும்பு விடும். இந்தக் கை இரண்டும் இல்லை. இரண்டு தட்டு, நிறுத்தம், படம். மறுபடி இரண்டு தட்டு, நிறுத்தம், படம். ஒவ்வொரு படத்திலும் அந்தத் தாழ்ந்த கோடு ஒரு மயிரிழை மேலே வந்தது. படம் எடுப்பதால் எல்லோரும் ஈயத்தில் செய்த கனத்த அங்கி போட்டிருந்தார்கள். அதைச் சுமந்துகொண்டு அந்த ஐந்தடி அம்மா ஒன்றரை மணி நேரமாகக் குனிந்த தலை நிமிரவில்லை. தொண்டை வறண்ட குரலில் "இன்னொரு படம்" என்று கேட்பது மட்டும் வந்துகொண்டிருந்தது.

கோடு மட்டத்துக்கு வந்தது. மெல்லிய கம்பிகளைக் குறுக்கே கொடுத்து அதை நிறுத்தினார்கள். பிறகு ஜன்னல் வழியாக அந்த வெள்ளைக் கட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. தூக்கிய தட்டுக்கு அடியில் இருந்த கருப்பு இடம் படத்துக்குப் படம் வெள்ளையாகி வந்ததைச் சின்னண்ணன் கண் கொட்டாமல் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் கண்ணே கலங்கிவிட்டது. தம் காலுக்குள் இருந்த ஒரு காலி இடம் தம் கண்ணெதிரே மூடுவதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

அப்புறம் எலும்பின் வளைவுக்கு ஏற்றபடி உட்கார்ந்த பிளேட்டு. போல்ட்டுகள் ஒவ்வொன்றாக ஏறின. மெஷினில் ஓட்டினாலும் கடைசிச் சுற்றைக் கையால்தான் முறுக்குகிறார்கள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. அது அவருக்குத் திருப்தி. நாலாவது போல்ட்டு ஏறும்போது மட்டும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. போல்ட்டு உள்ளே கடித்துப் பிடித்தால் கடைசியில் அதன் குரல் கனத்து இறங்க வேண்டும். இது வெறுமனே சுற்றியது. சின்னண்ணனால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அந்த போல்ட்டு கடிக்கலீங்க!"

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "ஆமாங்க. கழட்டிட்டுத்தான் இருக்கறேன். வேற சாய்வுல நீளமா ஒண்ணு போடறேன். நீங்க கேட்டுச் சொல்லுங்க."

அடுத்த போல்ட்டு ஏறியது. குரல் கனத்து இறங்கி நின்றது.

"கடிச்சிருச்சுங்க" என்றார் சின்னண்ணன். மயக்க டாக்டர் சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது.

மறுநாளே முட்டியை மடக்கச் சொன்னார்கள். மடக்கலாம், ஆனால் பத்து வாரம் தரையில் ஊன்றக்கூடாது. சென்னியம்மாள் இவர் எங்கே கேட்கப் போகிறார் என்று பயந்தாள். பிளேட்டும் போல்ட்டும் போட்டாயிற்று, இனி என்ன என்று எழுந்து நிற்கிற ஆள்தானே! ஆனால் ஊட்டுக்கு வந்த சின்னண்ணன் ஊன்றுகோலும் கையுமாக, சொன்ன பேச்சைத் தட்டவே இல்லை. பார்க்க வருகிற ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் ஸ்கேன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தட்டித் தூக்கியதிலிருந்து போல்ட்டு கடித்தது வரை சொன்னார். வெங்கடாசலம் அதை மூன்று தடவை கேட்க வேண்டி வந்தது. காலை எப்போது ஊன்றுவது என்று அவர் கேட்டால், சின்னண்ணன், "மச்சான், நேத்து ஊத்துன கான்கிரீட்டு மேல யாராச்சும் வண்டி ஏத்துவாங்களா? உள்ள எலும்பு ஊந்துட்டு இருக்குது" என்று சொல்லிக் காலை எடுத்து ஸ்டூல் மேல் வைத்துக்கொள்வார். பத்து வாரம் கழித்துப் பாதி பாரம், பிறகு முழுப் பாரம், பிறகு கோல் இல்லாத நடை. குந்துவதற்கு மட்டும் டாக்டரம்மா அனுமதி தரவில்லை. ஆறாம் மாதம் வந்து காட்டுங்கள், என் முன்னால்தான் குந்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். நடை வந்தும் சின்னண்ணன் மனம் ஆறவில்லை. நின்றபடி குனிந்து பார்த்து எந்த வண்டியின் அடி தெரியும்? பட்டறைக்குப் போவார், வண்டியைச் சுற்றி வருவார், பெருமூச்சு விட்டுத் திரும்பிவிடுவார்.

ஆறாம் மாதம் போனார்கள். புதுப் படத்தைக் கயல்விழி வெகு நேரம் பார்த்தார். 

"நல்லா இருக்குதுங்க" என்றார் கயல்விழி. "வெள்ளைக் கட்டிக்கும் உங்க எலும்புக்கும் நடுவுல இருந்த கோடு மறைய ஆரம்பிச்சிருச்சு. தட்டு அதுக்கப்பறம் ஒரு பக்கமும் எறங்கல." படத்தைக் கீழே வைத்தார். "ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. பின்னால ஓரத்துல முக்கால் மில்லி தாழ்ந்துதான் இருக்குது. இந்தப் படத்துல யார் கண்ணுக்கும் படாது. அன்னைக்கு ஆபரேஷன் மேசையிலயே எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு தட்டுத் தட்டியிருந்தா மேல இருக்கற குருத்தெலும்பு பொளந்திருக்கும்னு பயந்து நிறுத்திட்டேன். நடைக்கு ஒண்ணும் பண்ணாது. இருந்தாலும் நீங்க வேல தெரிஞ்ச மனுசன். உங்ககிட்ட மறைக்க மனசு வரலீங்க."

சின்னண்ணன் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். யாரும் கேட்கவில்லை. யாரும் கண்டுபிடிக்கவும் போவதில்லை. முக்கால் மில்லி! அதை இந்த அம்மா ஆறு மாதமாக மனதில் சுமந்துவிட்டு, எதிரில் உட்கார வைத்து எடுத்துச் சொல்கிறது. முப்பது வருடத்தில் அவர் கட்டிய வண்டிகள் எத்தனை! அவற்றில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த குறைகளும் உண்டு. பெரியவை இல்லை, ஓட்டத்துக்கு ஒன்றும் பண்ணாதவை. ஆனால் அதில் ஒன்றைக்கூட எந்த முதலாளியிடமும் அவர் வாய் திறந்து சொன்னதில்லை. அவர் தலை தானாகக் குனிந்தது.

"எங்கீங்க, குந்துங்க பாக்கலாம்" என்றார் கயல்விழி, எழுந்து மேசையைச் சுற்றி வந்து.

சின்னண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். லாரித் தளத்திலிருந்து யோசிக்காமல் குதித்த மனிதருக்கு இப்போது இரண்டடி கீழே போக வேர்த்துக் கொட்டியது. மேசை விளிம்பைப் பிடிக்கப் போன கையை, வேண்டாம் என்று இழுத்துக்கொண்டார். மெல்ல இறங்கினார். பாதி வழியில் இடது தொடை நடுங்கியது. கயல்விழியும் அவருக்கு எதிரே தரையில் குந்தி உட்கார்ந்து, முட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாங்க, வாங்க, இன்னுங் கொஞ்சம்" என்றார். கடைசி நாலு விரல்கடை இறங்கியது. குதிகால் இரண்டும் தரையில் பதிந்தன. குந்திவிட்டார்! வலிக்கவில்லை. இறுக்கம் இருந்தது, வலி இல்லை.

"எந்திரிங்க. கை ஊனாம."

மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கால் தாங்கியது. நேராக நின்ற பிறகுதான் மூச்சை விட்டார். கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. "சாமி…" என்று கை கூப்பியவருக்கு அதற்கு மேல் வரவில்லை. சென்னியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் சின்னண்ணன் செல்போனை எடுத்தார். ஊட்டுக்குத்தான் சேதி சொல்லப்போகிறார் என்று சென்னியம்மாள் நினைத்தாள்.

"மச்சான், நாந்தான். குந்திட்டேன், நல்லா இருக்கறேன். அது கெடக்கட்டும். நாலு வருசத்துக்கு முன்னால உங்களுக்குக் கட்டிக் குடுத்தேனே, பெரிய வண்டி, அதுல பின்னால இருந்து ரெண்டாவது குறுக்குச் சேனல் கால் இஞ்ச் கோணலாத்தான் உக்காந்திருக்குது. ஆமா. இல்ல, இப்ப ஆனதில்ல. கட்டினப்பவே எனக்குத் தெரியும். ஓட்டத்துக்கு ஒண்ணும் பண்ணாது. உங்ககிட்டச் சொல்லாம உட்டுட்டேன்."

அந்தப் பக்கம் வெங்கடாசலத்தின் குரல் சென்னியம்மாளுக்கே கேட்டது. "ஏன் மாப்ள, அந்தம்மா ஆபரேஷன் பண்ணினது கால்லயா, தலையிலயா?"

"வண்டியக் கொண்டாங்க மச்சான்" என்றார் சின்னண்ணன். "நானே அடியில குந்திக் கழட்டி, நேரா வெச்சுத் தாரேன்."

போனைப் பையில் போட்டுவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருந்த மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு மாடிப்படி வழியாக இறங்கினார்.